துறைச் சங்கச் செயலாளர் பொறுப்பை மகள் ஏற்கலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பொறியியலில் இரண்டாம் ஆண்டை முடிக்கிறாள். வருகிற ஆண்டு துறைச் சங்கச் செயலாளராக இருக்கும்படி துறைத் தலைவர் கேட்டிருக்கிறார். அவளுக்கு ஆசை, வீட்டில் மற்ற எல்லோருக்கும் கலக்கம். "நாலு தறியை வைத்துக்கொண்டு படிக்க வைக்கிறோம். மேடை, மைக் என்று கவனம் சிதறினால் யாரிடம் போய்ச் சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் பிள்ளை அவள். இந்த அச்சத்தின் கனம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவள் ஏற்கட்டும் என்றுதான் சொல்வேன். ஏன், எந்த நிபந்தனையோடு என்பதை விளக்குகிறேன்.

பதவியில் இருந்தால் எங்காவது கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் என்று நம்பும் பெற்றோரைத் தினமும் பார்க்கிறேன். கிடைக்காது. பள்ளி மாணவர் தலைவராக இருந்த பிள்ளைக்கும் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் பொறியியல் கலந்தாய்வில் ஒரே கணக்குதான்: கணிதம், இயற்பியல், வேதியியல் சேர்ந்து 200-க்கு எவ்வளவு என்பது. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணிலும் லீடர் பட்டைக்கு இடமில்லை. வளாக நேர்காணலுக்கு வரும் பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு இருக்கிறதா, அரியர் நிலுவையில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கின்றன. அந்தச் சல்லடையில் செயலாளர் பதவி எவரையும் காப்பாற்றாது.

பிறகு எதற்கு இந்தப் பொறுப்பு? ஒரு மதிய நேரத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களுக்கு மாதிரி நேர்காணல் நடத்தினேன். முதலில் வந்த இளைஞர் மாணவர் பேரவைத் தலைவர். சுயவிவரத்தின் முதல் வரியே அதுதான். "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்றேன். ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினரின் பெயரையும் வந்திருந்த கூட்டத்தையும் சொன்னார். செலவு எவ்வளவு என்றதற்கு, "அதெல்லாம் சார் பார்த்துக்கொண்டார்" என்றார். நல்ல பிள்ளை. ஓராண்டு முழுக்க மேடையில் உட்கார வைக்கப்பட்டிருந்தார், அவ்வளவுதான்.

அடுத்து வந்த பெண் துறைச் சங்கத்தின் பொருளாளர். அதைச் சுயவிவரத்தின் அடியில் ஒரு வரியாக எழுதியிருந்தார். கேட்டதும் மடை திறந்தாற்போல் பேசினார். பல கல்லூரிப் பிள்ளைகள் கூடும் சிம்போசியம் என்ற துறைக் கருத்தரங்குக்கு 220 சாப்பாட்டு டோக்கன் அச்சிட்டார்களாம். பன்னிரண்டரை மணிக்கு வரிசையை எண்ணிப் பார்த்தால் முந்நூற்றை நெருங்குகிறது. வெளிக்கல்லூரிப் பிள்ளைகள் பதிவு செய்யாமலே வந்துவிட்டார்கள். விடுதி சமையற்கூடத்துக்கு ஓடித் தயிர்சாதத்துக்கு ஏற்பாடு செய்து, வந்தவர்களை முதலில் உட்கார வைத்து, தன் குழுவை மூன்றரை மணிக்குச் சாப்பிட வைத்திருக்கிறார். அதனால் இரண்டு நண்பர்கள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. "அடுத்த முறை என்ன மாற்றுவீர்கள்?" என்று கேட்டேன். "பதிவை இரண்டு நாள் முன்பே மூடிவிடுவேன். ஆனாலும் கூடுதலாக இருபது பேருக்குச் சொல்லி வைப்பேன்" என்றார். நான் கையிலிருந்த கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டேன். கேட்க வேண்டியதற்கெல்லாம் பதில் வந்துவிட்டது.

ஐயா, உங்கள் மகளுக்குக் கிடைக்க வேண்டியது இந்த இரண்டாவது அனுபவம். பணத்தைக் கையாண்டு கணக்குக் காட்டுவது, தன் வயதுப் பிள்ளைகளிடம் வேலை வாங்குவது, கைமீறிப் போனதைச் சமாளிப்பது ஆகிய மூன்றையும் எந்தப் பாடத்திட்டமும் கற்றுத் தராது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே மூன்றும் தேவைப்படும். ஆட்சிப் பணித் தேர்வில் மொத்தம் 2,025 மதிப்பெண். அதில் 275 ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்காணலுக்கு. அதற்கான விரிவான விண்ணப்பத்தில் பள்ளி, கல்லூரியில் வகித்த தலைமைப் பொறுப்புகளைக் கேட்கிறார்கள். எழுதிய எந்தச் சொல்லிலிருந்தும் கேள்வி வரலாம்.

ராணுவம் இன்னும் தெளிவாகப் பார்க்கிறது. என்.சி.சி. 'சி' சான்றிதழ் பெற்ற பட்டதாரிகள், பெண்கள் உட்பட, அதற்கான சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு இல்லாமலே எஸ்.எஸ்.பி. என்னும் அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் தேர்வுக்குப் போகலாம். தேறினால் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகம் வரை பாதை இருக்கிறது. அந்தத் தேர்வில் கட்டை, கயிறு, பீப்பாய் கொடுத்துத் தடையைத் தாண்டச் சொல்வார்கள். முதல் குழுப்பணியில் எவரையும் தலைவர் என்று அறிவிப்பதில்லை. யார் சொல்லுக்கு மற்றவர்கள் காது கொடுக்கிறார்கள் என்பதை ஓரமாக நின்று குறித்துக்கொள்வார்கள்.

நீங்களும் நானும் படித்த காலத்தில் லீடர் என்றால் ஆசிரியர் இல்லாதபோது பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிறவர். மறுபடியும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறியும் ஒரு 2-ம் விழும். காட்டிக்கொடுப்பதையே தலைமை என்று பிஞ்சு வயதில் கற்றுக்கொண்டோம். இளைய மகன் பள்ளியில் மருதம் குழுவின் தலைவனாகியிருக்கிறான் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அரசுப் பள்ளிகளில் 2024-இல் வந்த மகிழ் முற்றம் ஏற்பாடு அது. குறிஞ்சி முதல் பாலை வரை ஐந்து குழுக்கள். குழுவில் யார் பேசாமல் ஒதுங்கியிருக்கிறார்கள் என்று அவனிடம் அடிக்கடி கேளுங்கள். எட்டாம் வகுப்புக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

மகளின் விஷயத்தில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. பல கல்லூரிகளில் பெண்ணுக்குச் செயலாளர் என்று பெயர் கொடுத்துவிட்டு, விழாவன்று வாசலில் கோலம் போடவும் பட்டுப்புடவையில் நின்று பன்னீர் தெளிக்கவும் நன்றியுரை வாசிக்கவும் வைத்துவிடுகிறார்கள். பணம், விளம்பரதாரர், அரங்க ஏற்பாடு எல்லாம் பையன்கள் கையில் போகின்றன. அப்படி ஓராண்டு போனால் அவளுக்கு மிஞ்சுவது புகைப்படங்கள்தான். ஆகவே, ஒப்புக்கொள்வதற்கு முன் அவள் துறைத் தலைவரிடம் மரியாதையாக, ஆனால் நேராகக் கேட்க வேண்டும்: "வரவு செலவில் என் கையெழுத்து இருக்குமா, மேடம்?" இருக்கும் என்றால் ஏற்கட்டும். இழுத்தடித்தால், செயலாளர் பட்டத்தை விட்டுவிட்டுப் பொருளாளர் பொறுப்பைக் கேட்கட்டும்.

இனி என் நிபந்தனைகள். இப்போது ஒரு அரியர் இருந்தாலும் இந்த ஆண்டு வேண்டாம். வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. சங்க வேலைக்குப் போன நேரத்தை வருகையாகக் கணக்கிடும் ஓ.டி. தருகிறோம் என்று வாயால் சொல்வதை நம்பிவிடாமல், கடிதத்தில் கையெழுத்து வாங்கிப் பிரதி வைத்துக்கொள்ளட்டும். மூன்றாம் ஆண்டு இதற்கு ஏற்ற காலம். நான்காம் ஆண்டில் வேலைக்கான நேர்காணல்கள் தொடங்கிவிடும், அப்போது பொறுப்பை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். நான் ஏதோ கடுமையாகச் சொல்கிறேன் என்று அவள் முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்: மாணவர் தேர்தல்கள் பற்றிய லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது, குறைந்தது 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பவை அவற்றில் உண்டு. வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்பதும் உண்டு.

அரசியலில் இறங்கிவிடுவாளோ என்று அவள் அம்மா பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். நம் மாநிலத்தில் பல தனியார் பொறியியல் கல்லூரிகளில் தேர்தலே நடப்பதில்லை. ஆசிரியர்களே பெயரை அறிவிக்கிறார்கள். துறைச் சங்கத்தில் கட்சிக் கொடி ஏறப்போவதில்லை. அம்மாவின் கவலையில் நியாயமானது இரவு நேரம்தான். விழாவுக்கு முந்தைய நாள்களில் வீடு திரும்ப ஒன்பது மணி ஆகலாம். கல்லூரி பஸ் போய்விட்டால் எப்படி வருவாள், யார் அழைத்து வருவது என்பதை இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

எதுவும் அமையாமல் போனாலும் அவள் சோர்ந்துவிட வேண்டாம். எவரும் போட்டியிடாத பொறுப்புகள் கல்லூரிகளில் இருக்கின்றன. யூ.ஜி.சி.யின் 2009 விதிப்படி அமையும் ராகிங் தடுப்புக் குழுவில் புதிய மாணவர்களுக்கும் மூத்த மாணவர்களுக்கும் பிரதிநிதிகள் வேண்டும். கல்லூரியின் தர உறுதிக் குழுவிலும் மாணவர் ஒருவருக்கு இடம் உண்டு. பல இடங்களில் கையெழுத்துக்காக மட்டும் ஒரு பெயர் எழுதி வைத்திருப்பார்கள். உண்மையாகவே கூட்டத்துக்குப் போய், முதலாண்டுப் பிள்ளை ஒன்று அழுதுகொண்டே சொன்னதை அங்கே எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தால், அந்த விடுதியின் இரவுகளே மாறிவிடும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுக்கு 240 மணி நேரம், ஏழு நாள் முகாம். முகாமில் ஐம்பது பேருக்குக் காலைச் சிற்றுண்டி நேரத்துக்கு வரும்படி பார்த்துக்கொள்வதும் தலைமைதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். விளம்பரதாரர் கிடைக்காமல் அவள் தவிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த நூல் வியாபாரியிடம் நீங்களே பேசி வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். முகவரி மட்டும் கொடுங்கள். இரண்டு கடையில் இல்லை என்று கேட்டுவிட்டு, மூன்றாவது கடைப் படியேற அவள் பழகட்டும்.

இந்த வாரம் அவள் செய்ய வேண்டியது இதுதான்: இப்போதைய செயலாளரைச் சந்தித்து, போன ஆண்டுக் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்க்கட்டும். நோட்டு இருந்தால் எங்கே பணம் போயிற்று, எங்கே இடித்தது என்று தெரியும். நோட்டே இல்லை என்றால், அவள் தொடங்க வேண்டிய முதல் வேலை அது. அந்தச் சந்திப்புக்குப் பிறகு அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.