கடலூர் முதல் திருகோணமலை வரை: மூழ்காத கப்பல்கள்

ஐயா, வணக்கம்.

சதுரங்கப்பட்டினம் பற்றிய உங்கள் குறிப்பில், 1782 பிப்ரவரியில் அந்தக் கடலில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதியதாக ஒரு வரி இருந்தது. தேடிப் படித்தேன். பதினாறு மாதத்தில் ஐந்து கடற்சண்டைகள் நடந்திருக்கின்றன. ஒன்று எங்கள் நாகப்பட்டினத்துக்கு எதிரிலேயே. ஆனால் ஐந்திலும் ஒரு பெரிய கப்பல்கூட மூழ்கவில்லை, பிடிபடவும் இல்லை. எழுபது பீரங்கி ஏற்றிய கப்பல்கள் எதிரெதிரே நின்று மணிக்கணக்கில் சுட்டும் இதுதான் கதி என்றால் அது சண்டையா, தீபாவளியா?

— நாகையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தீபாவளி என்று படித்ததும் சிரித்துவிட்டேன். ஆனால் நாகைச் சண்டையில் மட்டும் பிரெஞ்சுத் தரப்பில் 178 பேர் செத்தார்கள். காயம்பட்டவர்கள் அறுநூறு பேர்.

பீரங்கிக் குண்டு என்றதும் சினிமாவில் பார்ப்பதுபோல விழுந்து வெடிப்பதாக நினைத்துக்கொள்கிறோம். அன்றைய கப்பல் பீரங்கியில் போட்டது பெரும்பாலும் வெறும் இரும்பு உருண்டை. ஆங்கிலேயரின் பெரிய பீரங்கிக் குண்டு பதினாலரை கிலோ இருக்கும், அகலம் ஒரு சாணுக்கும் குறைவு. கப்பலின் பக்கச் சுவரோ, நீர்மட்டத்தை ஒட்டி ஏறக்குறைய இரண்டடி கனமுள்ள மரம். குண்டு துளைத்துப் போனாலும் மர நார்கள் திரும்பி ஒடுங்கி ஓட்டையைச் சுருக்கிவிடும். நீர்மட்டத்துக்குக் கீழே, உட்சுவரை ஒட்டித் தச்சர்களுக்கென்றே ஒரு குறுகிய நடைபாதை விட்டிருப்பார்கள். சண்டை நடக்கும்போது மர ஆப்பும் கையுமாக அதில் சுற்றிக்கொண்டே இருந்து, ஓட்டை விழுந்த இடத்தில் அடித்து இறுக்கிவிடுவார்கள். மரக்கப்பலுக்கு எமன் தண்ணீர் அல்ல, நெருப்பு. 1805 டிராபல்கர் சண்டையில் அறுபது கப்பல்கள் மோதின. சண்டையின்போதே அழிந்தது ஒன்றுதான், அதுவும் தீப்பிடித்து வெடித்தது.

அப்படியானால் எதைக் குறிவைத்துச் சுட்டார்கள்? ஆட்களையும் பாய்மரங்களையும். குண்டு சுவரைப் பிளக்கும்போது உள்ளே சிதறும் மரச் சிராய்கள்தான் பலரைக் கிழித்தன. பாய்மரம் போன கப்பல் வண்டி கழன்ற மாடில்லை, மாடு கழன்ற வண்டி. நின்ற இடத்தில் நிற்கும்.

1782 செப்டம்பர் 3, திருகோணமலைக்கு வெளியே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனுக்கு அதுதான் நடந்தது. அவருடைய ‘எரோ’ கப்பலின் நடுப்பாய்மரம் முறிந்து, கொடியோடு கடலில் சாய்ந்தது. கொடி இறங்கினால் சரணடைந்ததாக அர்த்தம். ஆங்கிலேயர் ஆரவாரம் செய்ய, சுஃப்ரேன் மேல்தளத்தில் நின்று, கையில் கிடைத்த வெள்ளைக் கொடியையெல்லாம் கப்பலைச் சுற்றிக் கட்டச் சொல்லிக் கத்தினார். (அன்று பிரெஞ்சுக் கடற்படையின் கொடியே வெள்ளைதான், குழம்ப வேண்டாம்.) உங்கள் நாகைச் சண்டையில் இதற்கு நேர்மாறு: ‘செவேர்’ என்ற பிரெஞ்சுக் கப்பலின் கேப்டன் தானே கொடியை இறக்கச் சொல்லிவிட்டார். கீழே இருந்த அதிகாரிகள் ஒப்பவில்லை. கொடி மறுபடி ஏறியது, பீரங்கிகளும் மறுபடி முழங்கின.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது சண்டை நாட்கள் அல்ல, இடையில் கிடந்த மாதங்கள். சோழமண்டலக் கரையில் இத்தனை பெரிய கப்பல்கள் ஒதுங்க அன்று ஒரு துறைமுகம் கிடையாது. சென்னையானாலும் கடலூரானாலும் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டியதுதான். ஐப்பசியில் வாடைக்காற்று கிளம்பினால் அதுவும் முடியாது. 1782 மழைக்காலத்தில் ஆங்கிலத் தளபதி ஹியூஸ் பம்பாய்க்கும், சுஃப்ரேன் சுமத்திராவின் அச்சேவுக்கும் ஓடினார்கள். இந்தப் பக்கம் இருந்த ஒரே நல்ல துறைமுகம் திருகோணமலை. அதனால்தான் 1782 ஜனவரியில் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயரும், ஆகஸ்ட் கடைசியில் ஆங்கிலேயரிடமிருந்து சுஃப்ரேனும் அதைப் பிடித்தார்கள். அதுவரை சுஃப்ரேனுக்குச் சொந்தமாகப் பட்டறையே இல்லை. பெரிய கப்பலுக்குப் பாய்மரம் வேண்டுமென்றால் தன் சின்னக் கப்பல்களிலிருந்துதான் கழற்றினார்.

1783 ஜூன் 20, கடலூர். ஹியூஸிடம் 18 கப்பல்கள், சுஃப்ரேனிடம் 15. கணக்குப்படி ஹியூஸ் ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் அவர் கப்பல்களில் குடிதண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது, ஆட்கள் ஸ்கர்வி (காய்கனி இல்லாமல் வரும் வைட்டமின் சி குறைநோய்) கண்டு ஈறு வீங்கிப் படுத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த கடலூரை முற்றுகையிட்டிருந்த தம் தரைப்படையைக் கரையில் அப்படியே விட்டுவிட்டு அவர் சென்னைக்குத் திரும்பினார். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானம் கையெழுத்தாகிவிட்ட செய்தி ஜூன் கடைசியில்தான் வந்து சேர்ந்தது.

அப்புறம், சுஃப்ரேன் ஒரு கப்பலையும் இழக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு போயின. செப்டம்பர் சண்டை முடிந்து திருகோணமலைக்குள் நுழையும்போது ‘ஓரியான்’ தரைதட்டியது. அடுத்த மாதம் கடலூருக்கு எதிரே ‘பிஸார்’ கரையேறி உடைந்தது. இரண்டிலும் ஆங்கிலேயரின் கை இல்லை.