கரிசல் மண்ணில் லைலாக் பூக்குமா?

கேள்வி: நான் கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவள். நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் ஆறு வருடம் இருந்துவிட்டு இப்போது டெக்ஸாஸில், டாலஸை அடுத்த பிளேனோவுக்கு வந்திருக்கிறோம். ராச்செஸ்டரில் மே மாதம் ஹைலண்ட் பார்க்கில் லைலாக் பூத்தால் நடந்துபோகும்போதே வாசம் வந்து இழுக்கும். அந்த ஆசையில் இங்கே இரண்டு செடி வைத்தேன். ஒன்று ஆகஸ்டில் காய்ந்தது, இன்னொன்று மழைக்குப் பிறகு இலை மஞ்சளாகிச் செத்தது. மண் அச்சு அசல் எங்கள் ஊர்க் கரிசல்தான். குழியில் மணல்கூடக் கலந்தேன். இங்கே லைலாக் வரவே வராதா?
– வாசகி, பிளேனோ

பதில்: வரும். ஆனால் ராச்செஸ்டரில் பார்த்த அதே செடியைத் தேடாதீர்கள். சாதாரண லைலாக் பால்கன் மலைப்பக்கத்துச் செடி, நீண்ட குளிர்காலம் கிடைத்தால்தான் அதன் மொட்டு ஒழுங்காக விழிக்கும். உங்கள் ஊரில் குளிர் உண்டு, ஆனால் ராச்செஸ்டர் அளவுக்கு இல்லை. அதனால் 'கட்லீஃப்' என்ற பிளவுபட்ட இலை லைலாக்கையோ, 1947இல் கொரியாவிலிருந்து எடுத்த விதையில் வந்த 'மிஸ் கிம்' செடியையோ வாங்குங்கள். இவை இரண்டும் வெயிலை ஓரளவு தாங்கும், இலையில் சாம்பல் நோயும் அவ்வளவாக வராது. தெற்குக் கலிபோர்னியாவின் டெஸ்கான்சோ தோட்டத்தில் குறைந்த குளிருக்கென்றே உருவாக்கிய 'லாவெண்டர் லேடி'யையும் முயலலாம். பூ ராச்செஸ்டர் அளவுக்குக் கொத்துக் கொத்தாக வராது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது மண். நீங்கள் சொன்னது சரி, டாலஸ் பக்கத்துக் கறுப்புக் களியும் கோவில்பட்டிக் கரிசலும் ஒரே வகை. மழையில் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். சுண்ணாம்பு அதிகம் என்று பயப்பட வேண்டாம், லைலாக்குக்கு அது ஒத்துப்போகும். அதைக் கொல்வது வேரடியில் தேங்குகிற தண்ணீர்தான். களியில் கொஞ்சம் மணல் கலந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். குழியில் மட்டும் நல்ல மண் போட்டாலும் சுற்றியிருக்கிற களி பானை மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதிலும் ஈரமாக இருக்கும்போது வெட்டியிருந்தால், மண்வெட்டி இழுத்த இடமெல்லாம் குழிச்சுவர் குயவர் தேய்த்த மாதிரி வழவழவென்று ஆகியிருக்கும், வேர் அதைத் துளைத்துப் போவது பெரும்பாடு.

இந்தத் தடவை குழியே வேண்டாம். ஓரடி உயரத்துக்கு அகலமான மேடு போடுங்கள், அதில் மட்கிய உரமும், அங்கே நர்சரிகளில் மூட்டையாக விற்கிற எக்ஸ்பாண்டட் ஷேல் என்ற சுட்ட கல்லும் தாராளமாகக் கலந்து, அடியில் உள்ள களியையும் கொத்திவிட்டு, செடியின் கழுத்து மேட்டுக்குச் சற்று மேலே தெரிகிற மாதிரி நடுங்கள். அக்டோபர், நவம்பரில் நட்டால் கோடைக்கு முன் வேர் பிடித்துவிடும். வசந்தத்தில் நட்டால் ஆகஸ்டைத் தாங்குவது கஷ்டம். காலை வெயில் ஆறு மணி நேரம் வேண்டும், மூன்று மணிக்கு மேல் நிழல் விழுந்தால் நல்லது. தண்ணீர் விடுமுன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் விடாதீர்கள். அப்புறம் புல்வெளிக்குப் போடுகிற உரம் அந்தப் பக்கம் போகவே கூடாது, இலைதான் கொழிக்கும். கத்தரிப்பதைப் பூ உதிர்ந்த உடனே முடித்துவிடுங்கள், அடுத்த வருட மொட்டு கோடையிலேயே உருவாகிவிடும். முதல் பூவுக்கு மூன்று வருடமாவது பொறுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. உங்கள் ஊரில் 'டெக்ஸாஸ் லைலாக்' என்று வைடெக்ஸ் மரம் விற்பார்கள். அது லைலாக்கே இல்லை, நம்ம நொச்சிக்குச் சொந்தம், இலையைக் கசக்கினால் தெரிந்துவிடும்! கரிசலில் கவலையே இல்லாமல் ஊதாக் கதிராகப் பூக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் ஓடை இருந்தால் மட்டும் வைக்காதீர்கள், விதை விழுந்து பரவிவிடும்.

கேள்வி: ஆன்லைனில் 'பெர்ஷியன் லைலாக்' விதை வாங்கினேன். சென்னையில் வளருமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: உண்மையான லைலாக் சென்னையில் பூக்காது, மார்கழி இரவிலும் அதற்குத் தேவையான குளிர் நமக்குக் கிடையாது. ஆனால் அந்தப் பெயரில் மலைவேம்பு இன மரம் ஒன்றும் உண்டு, அது வளரும், பழம் மட்டும் விஷம். பாக்கெட்டில் தாவரவியல் பெயரைப் பாருங்கள்: சிரிங்கா என்றால் லைலாக், மீலியா என்றால் வேம்பின் உறவு.