அண்ணாச்சி, இந்த ஸ்மார்ட் போர்டை வைத்து என்ன செய்ய?

வகுப்பறையில் போன், கணினி, புரொஜெக்டர் இதெல்லாம் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதிக் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னாலும் சொன்னேன், தபாலிலும் வாட்ஸ்அப்பிலுமாக வந்து குவிந்துவிட்டது. பாதிக்கு மேல் ஆசிரியர்கள், அதிலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒரே கேள்வியை ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையுமே போடவில்லை, ஊரோடு நிறுத்திக்கொண்டேன்.

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு 52 வயது. களக்காடு பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. பயிற்சிக்கும் போய் வந்தேன், அங்கே இருக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது, வகுப்புக்கு வந்து நின்றால் கை ஓடவில்லை. பிள்ளைகள் முன்னால் எதையாவது தப்பாகத் தொட்டு அசிங்கமாகிவிடுமோ என்று துணி போட்டு மூடியே வைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

முதல் வேலையாக அந்தத் துணியை எடுங்கள் டீச்சர். அசிங்கம் எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன், அதைவிடப் பெரிதாக உங்களுக்கு ஒன்றும் நடந்துவிடாது.

நான் வேலையில் இருந்த கடைசி வருஷங்களில், எட்டாம் வகுப்புக்கு இதயம் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட என் போனை டிவியில் இணைத்தேன். ரத்தம் மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்குகிற நேரம் பார்த்து, திரையின் உச்சியில் வீட்டிலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது: 'தேங்காய் ரெண்டு, முருங்கைக்காய், இஞ்சி வாங்கிட்டு வாங்க, சொதி வைக்கணும்.' நாற்பது பிள்ளைகளும் கோரஸாக வாசித்தார்கள். தமிழ்ப் பாடத்தில் கூட அவ்வளவு திருத்தமாக வாசித்ததில்லை. மறுநாள் உள்ளே நுழைந்ததும் ஒரு பயல் எழுந்து, 'சார், சொதிக்கு இஞ்சிப் பச்சடி உண்டா சார்?' என்றான். அன்றைக்கே போனில் 'தொந்தரவு செய்யாதே' என்ற பொத்தானைக் கண்டுபிடித்தேன். எந்தப் பயிற்சியிலும் அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பயிற்சி வகுப்பைக் குறை சொல்லவில்லை. ஒரே நாளில் பத்துச் செயலிகளைக் காட்டினால் வீட்டுக்கு வரும்போது ஒன்றும் மிஞ்சாது, அவ்வளவுதான். சைக்கிள் ஓட்டப் பழகியபோது நாம் யாரும் பார்க்காத தெருவைத்தானே தேடிப் போனோம்? அதே மாதிரி, பள்ளி விட்ட பிறகு ஒரு வாரம், தினமும் இருபது நிமிஷம், கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அதோடு இருங்கள். போடுங்கள், அணையுங்கள், விரலால் எழுதுங்கள், அழியுங்கள், பென் டிரைவைச் செருகி ஒரு படத்தைத் திறங்கள். அந்த வாரத்துக்கு அது போதும், வேறு ஒன்றும் வேண்டாம். தப்பாகத் தொட்டால் வெடிக்காது. சாதாரண மார்க்கர் பேனாவால் அதன்மேல் எழுதாமலும், ஈரத் துணியால் துடைக்காமலும் இருந்தால் போதும்.

அடுத்த வாரம் ஒரே ஒரு பாடம். உங்கள் பாடப்புத்தகத்தில் 2018-லிருந்து க்யூஆர் கோடு அச்சிட்டு வருகிறதே, அதை வகுப்பில் நின்றுகொண்டு ஸ்கேன் செய்யாதீர்கள். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் சந்தைக்கடை வைத்துவிடுவார்கள். முந்தின ராத்திரி வீட்டிலேயே திக்ஷா செயலியில் திறந்து, பார்த்து, பிடித்திருந்தால் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நெட் தேவையில்லை. மணற்கேணி செயலியிலும் வகுப்பு வாரியாகக் காணொளிகள் இருக்கின்றன, அதையும் ஒரு நாள் மேய்ந்து பாருங்கள்.

அப்புறம், ஒவ்வொரு வகுப்பிலும் இந்த விஷயத்தில் கை தேர்ந்த ஒரு பிள்ளை கண்டிப்பாக இருக்கும், பெரும்பாலும் கடைசி பெஞ்சில். அவனிடம், 'எல, இது சத்தம் வர மாட்டேங்கு, வந்து பாரு' என்று கூப்பிடுவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. நான் கூப்பிட்ட பையன் அதுவரை என்னிடம் வாய் திறந்து பேசினதே கிடையாது.

கேள்வி: பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால்? (ஆலங்குளம்)

சாக்பீஸை எடுக்க வேண்டியதுதான். ஆனால் ஒன்று, புரொஜெக்டர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே டஸ்டரைத் தட்டாதீர்கள். சாக்பீஸ் தூசி அதன் காற்று வடிகட்டியை அடைத்து, சூடேறி, தானாக அணைந்துவிடும். கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு நாம் வெளியே வந்து எட்டிப் பார்ப்போம்.

கேள்வி: வீரவநல்லூர் பக்கம் தமிழாசிரியர் நான். பதினைந்து வருஷமாக அடித்துச் சேர்த்த வினாத்தாள்கள் பழைய கணினியில் இருக்கின்றன. புதுக் கணினியில் திறந்தால் எல்லாம் கிறுக்கலாக வருகிறது. வைரஸா?

வைரஸ் இல்லை ஐயா, எழுத்துருச் சிக்கல். பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்களில் நீங்கள் அடித்தது கணினியைப் பொறுத்தவரை தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் முகமூடி மாட்டியிருந்தது, அவ்வளவுதான். பாமினியில் 'தமிழ்' என்று நீங்கள் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினி ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்றுதான் காட்டும். அந்த அரைப்புள்ளிதான் ழகரத்துப் புள்ளி!

கவலை வேண்டாம், ஒன்றும் தொலைந்து போகவில்லை. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு, அதாவது எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற முறைக்கு, மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய எழுத்தை வெட்டி ஒட்டினால் தமிழாகத் தரும். ஆனால் வினாத்தாளுக்கு நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழாக நினைத்துக் குதறிவிடும், ஆகவே ஒரு தடவை வாசித்துத் திருத்துங்கள். தேர்வு நடக்கப்போகும் வினாத்தாளை இதில் போடாதீர்கள். பழையதை மட்டும் மாற்றுங்கள்.

இனிமேல் அடிப்பதை யூனிகோடிலேயே அடியுங்கள். விசைப்பலகையில் எழுத்துகளை அடுக்கும் முறைகளில் நான் தமிழ்99 என்றுதான் சொல்வேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு, புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். 'பந்து' என்றால் ப, ந, த, உ. நன்னூல் படித்தவருக்கு இது கை வந்த மாதிரிதான் இருக்கும், ஏனென்றால் அதன் தர்க்கமே நம் இலக்கணத்தின் தர்க்கம்தான். பத்து நாள் கை தடுமாறும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு, போனில் மைக் படத்தை அழுத்திப் பேசினாலும் தமிழில் எழுதும். அதற்கு நம்ம ஊர்ப் பேச்சு சரியாகப் பிடிபடாது, செய்தி வாசிப்பவர் மாதிரி நிறுத்திப் பேச வேண்டியிருக்கும்.

கேள்வி: நகரத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் ஆளுக்கொரு டேப்லெட்டில் வினாடி வினா விளையாடுகிறார்களாம். எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள் பீடி சுற்றுகிறவர்கள். அவர்களிடம் எங்கே போன் இருக்கிறது? (முக்கூடல்)

பிள்ளைகளிடம் ஒன்றுமே தேவையில்லை. பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது, ஆசிரியரிடம் ஒரே ஒரு போன் போதும். ஆளுக்கொரு காகித அட்டை, கறுப்புக் கட்டம் போட்டது, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அட்டையின் நாலு பக்கமும் நாலு விடை. விடை எதுவோ அந்தப் பக்கம் மேலே வரும்படி பிள்ளைகள் தூக்கிப் பிடிக்க வேண்டும். நீங்கள் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு தடவை நிதானமாகக் காட்டினால் யார் சரி, யார் தப்பு என்று உடனே தெரிந்துவிடும். அட்டைகளை அவர்கள் தளத்திலிருந்தே எடுத்து அச்சடித்துக்கொள்ளலாம். பளபளக்கும் லேமினேஷன் மட்டும் போடாதீர்கள், வெளிச்சம் பட்டுத் தெறித்தால் கேமராவுக்குக் கண் தெரியாது.

எனக்கு இதில் பிடித்தது வேறு. பக்கத்தில் இருப்பவன் எந்த விடையைக் காட்டுகிறான் என்று பார்த்துக் காப்பியடிக்க முடியாது, ஒவ்வொரு அட்டையின் கட்டமும் வேறு வேறு. கை தூக்கப் பயந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளை என்ன நினைக்கிறது என்று வருஷக்கணக்கில் எனக்குத் தெரியாமலே இருந்தது. இந்த அட்டை வந்தபிறகுதான் தெரிந்தது, பாதி வகுப்பு நான் சொன்னதைப் புரிந்துகொள்ளாமலேயே தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறது என்று.

கேள்வி: ராதாபுரம் தாலுகா. சுற்றிலும் காற்றாலைதான், சிக்னல்தான் இல்லை. கணக்கு வாத்தியாருக்கு நெட் இல்லாமல் ஏதாவது உண்டா?

ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருள். இலவசம், தமிழிலும் வைத்துக்கொள்ளலாம், ஒரு தடவை கணினியில் நிறுவிவிட்டால் நெட் வேண்டாம். ஒரு முக்கோணம் வரைந்து மூன்று கோணங்களையும் காட்டச் சொல்லுங்கள், ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு முனையைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். முக்கோணம் ஒல்லியாகும், குண்டாகும், கோணங்கள் மாறிக்கொண்டே இருக்கும், கூட்டினால் 180. 'கோணங்களின் கூடுதல் 180 பாகை' என்று பத்துத் தடவை இம்போசிஷன் எழுதினாலும் வராத நம்பிக்கை ஒரு தடவை இழுத்தால் வந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. கூட்டிப் பார்த்தால் சில நேரம் 179.99 என்றோ 180.01 என்றோ வரும். 'சார், தப்பு!' என்று கத்துவார்கள். மறைக்காதீர்கள், அன்றைக்குப் பாடமே அதுதான். இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கி எழுதும்போது என்ன நடக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

உங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியருக்கும் ஒன்று சொல்லுங்கள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் செயல்விளக்கங்கள், கணினித் திரையிலேயே செய்து பார்க்கிற சோதனைகள். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. மின்சுற்று, ஊசல், அணு என்று நிறைய இருக்கின்றன, பலவற்றுக்குத் தமிழும் உண்டு. சிக்னல் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து பதிவிறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோனால் ஓடும். ஆனால் பேட்டரியும் பல்பும் பள்ளியில் இருந்தால் முதலில் அதைக் கையில் கொடுங்கள், திரை அப்புறம்.

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. அவள் வாத்தியார் தினமும் வீடியோவைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறாராம். இதுதான் டிஜிட்டல் கல்வியா? (மேலப்பாளையம், ஒரு தாய்)

இல்லைம்மா. உங்கள் கோபம் நியாயம்தான். ஆனாலும் வாத்தியார் மேல் புகார் எழுதும் முன் ஒரு நாள் போய்ப் பேசிப் பாருங்கள். பதிவேற்றுகிற வேலைகளில் அவர் மூச்சு முட்டிக் கிடக்கலாம். வருகைப்பதிவிலிருந்து எல்லாமே இப்போது செயலியில்தான்.

இதை வாசிக்கிற வாத்தியார்களுக்கு ஒரு தந்திரம் சொல்கிறேன். வீடியோவின் சத்தத்தை நிறுத்திவிடுங்கள். படம் ஓடட்டும், கதையை நீங்கள் சொல்லுங்கள், நம்ம ஊர்த் தமிழில். இரண்டாம் தடவை ஓட்டும்போது ஒரு பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷப் படம் ஒரு பீரியடுக்கு வரும், நாற்காலியில் உட்காரவும் நேரம் இருக்காது.

கேள்வி: வகுப்பில் பிள்ளைகள் டேப்லெட்டில் படிப்பதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கிறேன். ஒரு பெற்றோர் சண்டைக்கு வந்துவிட்டார். நல்லதுதானே செய்கிறேன்? (வள்ளியூர்)

அவர் பக்கம்தான் நியாயம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே சொல்கிறது, அவர்கள் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டத்தை விடுங்கள், உங்கள் பிள்ளை முகத்தை யாரோ ஒருத்தர் ஸ்டேட்டஸில் வைத்தால் சும்மா இருப்பீர்களா? கைகளை எடுங்கள், நோட்டை எடுங்கள், முகம் வேண்டாம்.

கேள்வி: ஏஐ-யிடம் கேட்டே பிள்ளைகள் கட்டுரை எழுதி வருகிறார்கள். எப்படித் தடுப்பது? (அம்பாசமுத்திரம், சமூக அறிவியல் ஆசிரியர்)

வீட்டில் எழுதுவதைத் தடுக்க முடியாது தம்பி. நான் ஒரு தடவை சோதித்தேன். தாமிரபரணியின் அணைக்கட்டுகள் எவை என்று அதனிடம் கேட்டேன். பாபநாசம் அணை, மணிமுத்தாறு அணை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி ஒரு பட்டியல் கொடுத்தது, அதுவும் என்ன ஒரு தன்னம்பிக்கையோடு! நம்ம ஊரில் அணை வேறு, அணைக்கட்டு வேறு என்று வயல் வைத்திருக்கிற தாத்தாவுக்குத் தெரியும். அணை தண்ணீரைத் தேக்கி வைக்கும், அணைக்கட்டு ஆற்றின் குறுக்கே தடுத்துக் கால்வாய்க்குத் திருப்பிவிடும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு. கடைசியில் இருக்கிற ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, மற்றதெல்லாம் அதற்கு முந்தினவை.

அதனால் அந்தப் பட்டியலையே வகுப்புக்குக் கொண்டுபோய், இதில் எது தப்பு என்று கேளுங்கள். கூகுள் எர்த்தைத் திறந்து பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை ஆற்றின் மேலேயே பறந்து போகலாம், ஒவ்வோர் அணைக்கட்டிலும் தண்ணீர் குறுக்கே வெள்ளைக் கோடாகத் தெரியும், பக்கத்தில் கால்வாய் பிரியும். நெட் சொதப்பினால் இருக்கட்டும் என்று வீட்டிலேயே எட்டு இடத்தையும் படமாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கட்டுரைத் தலைப்பை மாற்றிவிடுங்கள்: 'எங்கள் வயலுக்கு எந்தக் கால்வாய்த் தண்ணீர்? வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுது.' அதை எழுதுகிறவனுக்கு ஏஐ ஒத்தாசை பண்ணட்டும் பார்ப்போம்.