பொருளியல் பட்டப்படிப்பு: கணிதம் சார்ந்த பாடங்களைத் தள்ளிப் போடலாமா?

வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் வணிகப் பட்டயம் முடித்து, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கப்போகும் நீங்கள், கணிதத்தில் தடுமாறுவதால் அது சார்ந்த பாடங்களை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள்.

ஹானர்ஸ் எனப்படும் சிறப்புப் பட்டத்துக்கு வேண்டிய 160 அலகுகளை (ஒவ்வொரு பாடத்தின் சுமையையும் அளக்கும் புள்ளிகள்) சேர்ப்பதைவிட, பாடங்களை எந்த வரிசையில் எடுக்கிறோம் என்பதே முக்கியம். அறிமுகப் பாடத்தை முடித்த பிறகே இடைநிலை நுண்பொருளியலுக்கும் (தனிமனிதர், நிறுவனங்களின் முடிவுகளை ஆராய்வது) பேரினப் பொருளியலுக்கும் (நாட்டின் மொத்தப் பொருளியலை ஆராய்வது) போக முடியும். புள்ளியியல் அடிப்படைப் பாடத்தை முடித்த பிறகே பொருளியல் அளவையியலை, அதாவது தரவுகளைக் கொண்டு பொருளியல் உறவுகளை அளக்கும் பாடத்தை, தொட முடியும். இந்த அடிப்படைப் பாடங்களைத் தள்ளிப் போட்டால் இறுதியாண்டின் உயர்நிலைப் பாடங்கள் பலவும் கூடவே தள்ளிப் போகும்.

கணிதம் எங்கே நுழைகிறது என்று பாருங்கள். மாத வருமானம் வரையறுக்கப்பட்ட ஒருவர் உணவுக்கும் உடைக்கும் எவ்வளவு செலவிட்டால் அதிக மனநிறைவு பெறுவார் என்பது நுண்பொருளியலின் தொடக்கக் கேள்வி. பகுதி வகையீடும் (ஒன்றை மட்டும் மாற்றினால் விளைவு எவ்வளவு மாறும் என்று காணும் முறை) லாக்ராஞ்ச் பெருக்கியும் (வரம்புக்குள் உச்ச அளவைக் காணும் முறை) தெரிந்தால், இரண்டிலும் கடைசியாகச் செலவிடும் ஒரு வெள்ளி (டாலர்) தரும் கூடுதல் பயன் சமமாக இருக்க வேண்டும் என்ற விடையை நீங்களே வருவிக்கலாம். தெரியாவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

தொடக்கக்கல்லூரிக் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய கல்லூரி) கணிதம் படிக்காததால், மற்ற பாடங்களில் சேரத் தேவையான முன்தகுதிக்காக ஒரு கணிதப் பாடத்தை முதலில் எடுக்க வேண்டியிருக்கலாம். அதை முதல் பருவத்திலேயே எடுங்கள். நான்கு அலகுப் பாடத்துக்கு வாரம் 10 மணி நேரம் என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு. அந்தப் பருவத்தில் மற்ற பாடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேரும் ஆண்டுக்குரிய விதிகளே உங்களுக்குப் பொருந்தும் என்பதால், மூத்த மாணவர்களின் பாடப் பட்டியலை நம்பாமல் துறை அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.