நாய்க்குட்டியின் ஆஸ்பத்திரி பில்லும் உங்கள் கிரெடிட் கார்டும்

கேள்வி: எனக்கு 31 வயது. பெரம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 45,000 ரூபாய். வாடகை 11,000, அம்மாவுக்கு 8,000, ஸ்கூட்டர் தவணை 3,000, வீட்டுச் செலவு 15,000. ஆவடியில் இருக்கும் பெரியம்மா மகள், அடிபட்ட தெருநாய்களையும் பூனைகளையும் எடுத்து வந்து வீட்டிலேயே பராமரிக்கிறார். இப்போது இருபது இருக்கின்றன. என் ஹவுஸ் ஓனர் பிராணிகளே கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு குட்டியைக்கூட கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சியில், அக்கா கிளினிக் பில்லுக்கு லிங்க் அனுப்பும்போதெல்லாம் கார்டில் கட்டிவிடுகிறேன். அது போக மாதம் நாலாயிரம், ஐயாயிரம் ஜிபேயில் போகிறது. கார்டு பாக்கி 70,000 ஆகிவிட்டது, மினிமம் மட்டும்தான் கட்டுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. வங்கியில் ஒன்றரை லட்சம் பர்சனல் லோன் தருகிறார்களாம். அதை வாங்கிக் கார்டை அடைத்துவிட்டு மீதியை அக்காவுக்குக் கொடுக்கலாமா? நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டா? நாய்ப் படம் போட்ட கிரிப்டோவில் போட்டு, வரும் லாபத்தைக் கொடு என்கிறார் ஆபீஸ் நண்பர். என்னிடம் இரண்டு பவுன் செயின் ஒன்று இருக்கிறது.

பதில்: நாய்களிடம் உங்களுக்கு இருக்கும் பாசத்தில் எந்தத் தப்பும் இல்லை. உங்கள் அக்காவையும் நான் குறை சொல்லமாட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு வரும் லிங்க்கை யோசிக்காமல் கார்டில் தட்டுகிறீர்களே, சிக்கல் அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

ஸ்டேட்மெண்டை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதம் மூன்றரை முதல் மூன்றேமுக்கால் சதவீதம். 70,000 ரூபாய்க்கு சுமார் 2,600. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, சுமார் 470. ஆக மாதம் ஏறக்குறைய 3,100 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. நீங்கள் கட்டும் மினிமம் 3,500 ஆக இருந்தால், அசலில் குறைவது நானூறு ரூபாய். இன்னொன்றும் உண்டு. பாக்கி வைத்திருக்கும்வரை புதுச் செலவுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. டிரிப்ஸ், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே என்று 6,800 ரூபாய்க்கு பில் வந்தால், கட்டிய அன்றைக்கே அதற்கும் வட்டி ஓட ஆரம்பித்துவிடும். அந்த 3,100 ரூபாய் இருந்தால் ஆவடிக்கு மாதம் இரண்டு மூட்டை அரிசி போகும், தடுப்பூசிக்கும் கொஞ்சம் மிஞ்சும். இப்போது அது வங்கிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

பர்சனல் லோன் வேண்டாம். உங்களுக்குத் தேவை 70,000. மீதி 80,000, கடன் வாங்கிச் செய்யும் தானம். 16 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு என்றால் மாதத் தவணை சுமார் 5,270 ரூபாய், மொத்த வட்டி 40,000-ஐத் தொடும். அதுவும் போக, 80,000 மொத்தமாகக் கைக்கு வந்தால் உங்கள் அக்கா இன்னும் பத்து நாய்களை எடுத்து வருவார். அவர் மனசு அப்படி. அடுத்த வருடம் முப்பது நாய்களுக்கு யார் சாப்பாடு போடுவது?

செயினைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் அடகு வையுங்கள். தெருமுனை அடகுக் கடை வேண்டாம். இன்றைய தங்க விலைக்கு இரண்டு பவுனுக்கு 70,000 தாராளமாகக் கிடைக்கும். வட்டி வருடத்துக்குப் பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் முதல் மாத வட்டி 600 ரூபாய்க்குள். 3,100 எங்கே, 600 எங்கே! வாங்கிய அன்றே கார்டை முழுதாக அடையுங்கள். உடனே வங்கியின் ஆப்பில் கார்டு லிமிட்டை 10,000-ஆகக் குறைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் நகையை மட்டும் வைத்தால், ஆறு மாதத்தில் நகைக்கடனும் கார்டு பாக்கியுமாக எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

செலவுகள் போக உங்களிடம் மிஞ்சுவது 8,000. அதில் 6,000 நகைக்கடனுக்கு. பன்னிரண்டு மாதம் கட்டினால் கடைசியில் ஒரு 2,000 போலத்தான் நிற்கும். போனஸிலிருந்து அதைக் கட்டி நகையை மீட்டுக்கொள்ளலாம். பிராணிகளுக்கு மாதம் 1,500, அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட இந்த வருடம் வேண்டாம். ரொம்பக் கம்மி என்று தோன்றும். ஆனால் மாதம் தவறாமல் வரும் 1,500 ரூபாயை நம்பி அக்கா திட்டம் போடலாம். எப்போது, எவ்வளவு வரும் என்று தெரியாத பணத்தை வைத்து எதுவும் செய்ய முடியாது. அதை ஜிபேயில் போடாதீர்கள். அவருடைய சொந்தக் கணக்கில் விழும் பணம் கேஸ் சிலிண்டருக்கும் போகும், பையனுடைய ஃபீஸுக்கும் போகும். ஒரு மாதம் அரிசிக் கடைக்கு நேரடியாகக் கட்டி மூட்டையை இறக்கச் சொல்லுங்கள், அடுத்த மாதம் கிளினிக்கில் குட்டிகளின் தடுப்பூசிக்குக் கட்டுங்கள். பார்வோ வைரஸ் நோய் வந்த குட்டியை டிரிப்ஸில் வைத்துக் காப்பாற்றப் பல ஆயிரம் ஆகும், அப்போதும் பிழைக்கும் என்று உறுதி இல்லை. தடுப்பூசி சில நூறு ரூபாய்தான்.

குட்டியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதவர் பில் கட்டியே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? உங்கள் வீட்டிலிருந்து வேப்பேரி எவ்வளவு தூரம்? அங்கே 1903-லிருந்து நடக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் கட்டணம் தனியார் கிளினிக்கை விட மிகக் குறைவு. டோக்கன் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இருபது உயிர்களை விட்டுவிட்டு ஆவடியிலிருந்து வந்து பாதி நாள் உட்கார அக்காவால் முடியாது. அதனால்தான் பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு ஓடுகிறார், உங்களுக்கு லிங்க் வருகிறது. மாதம் இரண்டு சனிக்கிழமை காலை நீங்கள் போய் உட்கார்ந்தால், வருகிற பில்லே சின்னதாகிவிடும்.

அப்புறம், தத்துக் கொடுப்பது. ஒரு நாய்க்குச் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 35 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஒரு குட்டிக்கு நல்ல வீடு பிடித்துக் கொடுத்தால் அந்த ஆயிரம் மாதாமாதம் மிச்சம். இரண்டு குட்டி போனாலே உங்கள் 1,500-ஐ விடப் பெரிய உதவி. வெளிச்சத்தில் நல்ல போட்டோ எடுப்பது, கேட்டு வருபவர்களிடம் போனில் பேசுவது, வீட்டைப் போய்ப் பார்ப்பது, கொடுத்து ஒரு மாதம் கழித்து விசாரிப்பது, எல்லாமே ஆள் வேலை. இதற்கு ஹவுஸ் ஓனரின் அனுமதி வேண்டியதில்லை. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வது 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி உள்ளாட்சியின் பொறுப்பு. ஆவடி மாநகராட்சியில் மனு கொடுத்துத் தொடர்ந்து கேளுங்கள். அந்தச் செலவை நீங்கள் ஏன் கார்டில் சுமக்க வேண்டும்?

வரிச்சலுகை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அக்காவுக்குக் கொடுப்பதற்குக் கிடையாது, அவர் பதிவு செய்த அறக்கட்டளை இல்லை. ப்ளூ கிராஸ் மாதிரி, நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் பதிவு (80ஜி என்று சொல்வார்கள்) உள்ள அமைப்புக்குக் கொடுத்தாலும், பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான் கழிவு. ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் செல்லாது, அரிசியாகக் கொடுத்தாலும் செல்லாது. உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது. இல்லாத வரியில் என்ன மிச்சம் பிடிப்பது?

கிரிப்டோவைப் பற்றி ஒரே வாக்கியம் போதும். லாபத்தில் 30 சதவீதம் வரி, நஷ்டத்தை வேறு எதிலும் கழிக்க முடியாது. நண்பருக்கு நாய் மேல் அக்கறை இருந்தால் ஒரு மூட்டை அரிசி வாங்கித் தரட்டும்.

அக்காவிடம் போனில் சொல்லாதீர்கள், அழுதுவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள். "அக்கா, கார்டுல எழுபதாயிரம் கடன் ஆயிடுச்சு, இனிமே கார்டு கிடையாது. மாசம் ஆயிரத்து ஐந்நூறு நிச்சயம், ரெண்டு சனிக்கிழமை வேப்பேரிக்கு நான் போறேன்" என்று சொல்லுங்கள். தொகையை மறைக்காதீர்கள். உங்களுக்கு இவ்வளவு கடன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அம்மாவிடமும் அந்த வாரமே சொல்லிவிடுங்கள், கழுத்தில் செயின் இல்லாததை அவர் எப்படியும் கவனிப்பார்.

வங்கிக்குப் போகும்போது ஆதார், பான் இரண்டும் கையில் இருக்கட்டும். நகை மதிப்பீட்டாளர் பல கிளைகளில் மதியத்துக்கு மேல் இருக்கமாட்டார், அதனால் காலையிலேயே போங்கள்.