பொருள்கோடல் யார் வேலை?

கேள்வி: அரசியலமைப்பைப் பொருள்கோடல் செய்யும் உரிமை ஜனாதிபதிக்கும் உண்டுதானே? அவரும் மக்கள் வாக்கில் வந்தவர்தானே?
(வாசகர், மட்டக்களப்பு)

பதில்: 'பொருள்கோடல்' என்று எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. 'வியாக்கியானம்' என்று எழுதுகிறவர்களோடு இந்தப் பக்கத்தில் எத்தனை முறை மல்லுக்கு நின்றாயிற்று! செய்யுளின் சொல்லையும் அடியையும் சேர்த்துப் பொருள் கொள்ளும் முறைக்குப் பொருள்கோள் என்று பெயர்; யாப்பில் அது எட்டு வகை. அதில் இரண்டு தெரிந்தால் போதும், 2018இல் நடந்த கூத்து விளங்கிவிடும். அடிமறிமாற்றில் ஒவ்வோர் அடியும் தனியே பொருள் முடிந்து நிற்கும். எதையும் தூக்கி எங்கேயும் வைக்கலாம். கொண்டுகூட்டில் ஓர் அடியின் சொல்லை இன்னோர் அடியோடு சேர்த்தால்தான் பொருள் வரும்.

அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த ஆண்டு நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வந்த வழக்கில் அவர் தரப்பு பிடித்துக்கொண்டது அரசியலமைப்பின் உறுப்புரை 33(2)(இ): பாராளுமன்றத்தைக் கூட்டலாம், ஒத்திவைக்கலாம், கலைக்கலாம் என்ற ஒற்றை வரி. அப்பட்டமான அடிமறிமாற்று. 70(1) என்ன சொன்னது? முதல் அமர்விலிருந்து நாலரை ஆண்டு முடியும்வரை கலைக்கக் கூடாது. முன்பே கலைப்பதென்றால் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 225இல் 150 பேர், வாக்களித்துக் கேட்க வேண்டும். சபைக்கு வராதவர்களும் அந்த 225இல் அடக்கம். முதல் அமர்வு 2015 செப்டம்பர் 1. விரல்விட்டு எண்ணுங்கள், 2020 மார்ச் வந்துவிடும். 33 தனித்து நிற்குமானால் இவ்வளவு கணக்கை 70இல் எழுதி வைத்தது எதற்கு? ஏழு நீதியரசர்களும் இரண்டையும் கொண்டுகூட்டிப் படித்தார்கள். டிசம்பர் 13இல் ஒருமனதாகத் தீர்ப்பு. சபையைக் கலைத்த வர்த்தமானி அறிவித்தல் செல்லாமற் போயிற்று.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். படித்துப் புரிந்துகொண்டு நடக்க வேண்டியது ஜனாதிபதியின் கடமை. இதுதான் பொருள் என்று முடித்துச் சொல்லும் தனியதிகாரம், 125ஆம் உறுப்புரைப்படி, உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே. ஐயம் வந்தால் 129இன் கீழ் நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்கலாம். அதே சிறிசேன அதே 2018 ஜனவரியில் கேட்டாரே, தன் பதவிக்காலம் ஆறாண்டா ஐந்தாண்டா என்று! ஐந்துதான் என்று பதில் வந்தது, ஏற்றுக்கொண்டார். ஜனவரியில் தெரிந்த வாசற்படி நவம்பரில் மறந்துபோனதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. வாக்கு என்கிறீர்கள். அவர் கலைத்த சபைக்கும் வாக்களித்தவர்கள் அதே மக்கள்தான்.

பிறகு 2020இல் 20ஆவது திருத்தம் அந்த நாலரையை இரண்டரை ஆக்கியது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மாற்றியது சபை, மூன்றில் இரண்டு வாக்கோடு.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜனாதிபதி பதவி முறையில் செய்த செயலை எதிர்த்து அடிப்படை உரிமை மனு போட ஒரே மாதம்தான் தவணை. எதிராளியாகச் சட்டமா அதிபரைப் போட வேண்டும்.