நாள் முழுக்க வீட்டு வேலை செய்யும் அம்மா, தனியாக நடைப்பயிற்சியும் செய்ய வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது, சர்க்கரை இருக்கிறது. டாக்டர் தினமும் நடக்கச் சொல்கிறார். "காலை அஞ்சு மணியிலேர்ந்து நான் என்ன சும்மாவா உட்கார்ந்திருக்கேன்?" என்று அம்மா கோபப்படுகிறார். யார் சொல்வது சரி?

பதில்:

முதலில் உங்கள் அம்மா பக்கம் ஒரு வார்த்தை. இந்த மாதிரிக் கேள்வி வந்தாலே "சோம்பேறித்தனம்தான் காரணம்" என்று எழுத நாலு பேர் வருவார்கள். அவர்களில் யாரும் ஒருநாள்கூட ஆறு பேருக்குத் தோசை ஊற்றியிருக்க மாட்டார்கள். அம்மாவின் கோபம் நியாயம்தான். ஆனால் டாக்டர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. இரண்டையும் நான் அனுபவித்தவள், அதனால் எழுதுகிறேன்.

நான் டைலர். திண்டுக்கல்லில் வீட்டு முன்னறையிலேயே கடை. ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம். ரொம்ப வருஷம் மிதிமெஷினில்தான் தைத்தேன். கெண்டைக்கால் நாள் பூரா ஆடிக்கொண்டே இருக்கும். அப்புறம் முழங்கால் வலிக்கிறது என்று மோட்டார் மாட்டினேன். இப்போது கால் லேசாக அழுத்தினால் போதும், மெஷின் ஓடும். சர்க்கரை கண்டுபிடித்தது அதற்குப் பிறகுதான். மோட்டாரால் வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்பாவுக்கும் அத்தைக்கும் சர்க்கரை உண்டு, வயதும் ஆகிறது, எடையும் கூடியிருந்தது. ஆனால் நானும் உங்கள் அம்மா மாதிரியேதான் டாக்டரிடம் கேட்டேன்: "ராத்திரி இடுப்பு விட்டுப்போகுது சார், இன்னும் நடக்கணுமா?" அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "நடங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

விளக்கிச் சொன்னது என் மகள். நர்ஸிங் படிக்கிறாள். களைப்பு வேறு, தசை வேலை செய்வது வேறு என்றாள். அடுப்படியில் நிற்பதிலும் மெஷினில் குனிந்திருப்பதிலும் இடுப்பும் தோளும் வலிக்கும், ஆனால் தொடை, கெண்டைக்கால் மாதிரி பெரிய தசைகள் விடாமல் சுருங்கி விரிவதில்லை. அவை விடாமல் இயங்கும்போதுதான் இரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இன்சுலின் தயவில்லாமலேயே உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத நமக்கு அதுதான் லாபம். நடந்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாள் வரை இன்சுலினுக்கு உடம்பு கொஞ்சம் நன்றாகவே இணங்குமாம். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிடக் கூடாது என்று சொல்வது அதனால்தான்.

"அப்போ வீட்டு வேலை கணக்கிலேயே வராதா?" என்று சண்டைக்கு வராதீர்கள். வரும். சென்னையில் சர்க்கரையின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2006இல் வெளியிட்டார்கள். உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களைத் தினமும் அரை மணி நேரமாவது நடக்கச் சொன்னார்கள். ஏற்கெனவே உடலுழைப்பில் இருப்பவர்களை அதையே தொடரச் சொன்னார்கள். சாப்பாட்டிலும் மாற்றம் உண்டு. வழக்கமான அறிவுரை மட்டும் கேட்ட குழுவில் மூன்று வருஷத்தில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. நடையையும் சாப்பாட்டையும் மாற்றிய குழுவில் 39 பேருக்கு. ஆக, வயலில் களை எடுக்கிற, சித்தாள் வேலைக்குப் போகிற அம்மா என்றால் என் பதிலே வேறு. மிக்ஸி, வாஷிங் மெஷின், கேஸ் அடுப்பு இருக்கிற வீட்டு வேலை இப்போது பெரும்பாலும் நின்றுகொண்டே செய்வது. ஆட்டுக்கல்லும் கிணற்றுத் தண்ணீரும் இருந்த காலத்துக் கணக்கு இதற்குச் சரிப்படாது.

இன்னொன்று, நேரம். உங்கள் அம்மாவும் எல்லோருக்கும் போட்டுவிட்டு ஒன்பதரைக்குத்தான் சாப்பிடுவார், பாத்திரத்தை ஒதுக்கிவிட்டுப் பத்து மணிக்குப் படுத்துவிடுவார், சரியா? நானும் அப்படித்தான். வேலை பூராவும் சாப்பாட்டுக்கு முன்னால். சர்க்கரை ஏறும் நேரத்தில் படுக்கை. நியூசிலாந்தில் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 41 சர்க்கரைக்காரர்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள் (2016). தினமும் ஒரே தடவையாக அரை மணி நேரம் நடப்பதை விட, மூன்று வேளையும் சாப்பிட்டவுடன் பத்துப் பத்து நிமிஷம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம். மொத்த நேரம் ஒன்றுதான், பிரித்த விதம்தான் வேறு.

நான் இதை அப்படியே நம்பவில்லை. வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறதே. மூன்று தோசை, தேங்காய்ச் சட்னி. சாப்பிட்டுப் படுத்தால் இரண்டு மணி நேரம் கழித்து 240 பக்கம் காட்டும். அதே தோசை, அதே சட்னி, சாப்பிட்டுக் கால் மணி நேரம் தெருவில் நடந்தால் 195, 200. ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும், ஆனாலும் வித்தியாசம் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், காலையில் வெறும் வயிற்றில் வேகமாக நடந்துவிட்டு வந்து பார்த்தால் சில நாள் பத்து புள்ளி ஏறியிருக்கும்! மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கெடவில்லை. விடிகாலையில் கல்லீரல் தானாகவே சர்க்கரையை வெளியே விடும், வேகமாக நடந்தால் அட்ரினலின் சுரந்து இன்னும் கொஞ்சம் விடும். அதற்காகக் காலை நடை வீண் என்று அர்த்தமில்லை. இதயத்துக்கு, ரத்தக் கொதிப்புக்கு, எடைக்கு எல்லாம் நல்லதுதான். காலையில் நடக்கிறவர்கள் என்மேல் பாய வேண்டாம்.

ஆனால் ஒரு பெண் இரவு ஒன்பதே முக்காலுக்குத் தெருவில் நடப்பது லேசில்லை. "என்னக்கா, இந்நேரத்துல எங்க?" என்று எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து தினமும் ஒரே கேள்வி. நாய்கள் வேறு. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் துணைக்கு வந்தார், அப்புறம் கிரிக்கெட் ஆரம்பித்துவிட்டது. இப்போது மொட்டைமாடியில் நடக்கிறேன். மழை என்றால் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே. யார் சிரித்தாலும் சரி.

முகூர்த்த மாதங்களில் அதுவும் நடக்காது. ஆவணியிலும் தையிலும் சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டு மெஷினில் உட்கார வேண்டியதுதான். நாளைக் காலை கல்யாணம் என்றால் இன்று சாயங்காலம் துணி கொண்டுவந்து தருகிறார்கள். எட்டாயிரத்துக்குப் பட்டுச்சேலை எடுத்தவர்கள், லைனிங் வைத்த ஜாக்கெட்டுக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நிற்பார்கள். சேலைக் கடையில் வாயைத் திறந்திருப்பார்களா? அந்த ஐம்பது ரூபாயில் எனக்கு இரண்டு டெஸ்ட் ஸ்ட்ரிப் வரும். சரி, அது வேறு கதை.

முக்கியமானதைச் சொல்லவில்லை. சர்க்கரை இறங்கவில்லை என்று எனக்கு மெட்ஃபார்மின் மாத்திரையோடு கிளிமிபிரைடு என்ற இன்னொரு மருந்தும் சேர்த்து எழுதினார்கள். இந்தக் கிளிமிபிரைடு கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பாடு தள்ளிப்போனாலோ கூட நடந்தாலோ சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம் என்று அந்த மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை. சீட்டை நீட்டினார்கள், அவ்வளவுதான். ஒருநாள் சாயங்காலம் மதியச் சாப்பாடு சரியில்லாமல், நூல் வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்தே போய் நடந்தே வந்தேன். திரும்பும்போது நெற்றியெல்லாம் குளிர்ந்த வியர்வை. நெஞ்சு படபடத்தது. பெட்டிக்கடையில் கடலை மிட்டாய் வாங்கினேன். இருபத்தைந்து வருஷமாக ஊசியில் நூல் கோத்த கை, அந்த உறையைப் பிரிக்க முடியாமல் ஆடியது. கடைக்கார அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, அதை வாங்கி வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கலக்கிக் கொடுத்தார். அவர் மனைவிக்கும் சர்க்கரையாம். கடலையில் எண்ணெய் இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும், சர்க்கரைத் தண்ணீர்தான் சட்டென்று ஏறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கால் மணி நேரத்தில் உலகம் திரும்பி வந்தது.

இப்போது பையில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் வெளியே போவதில்லை. 70க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதனை. இதுதான் கணக்கு. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வம். இன்சுலின் போடுபவர்கள் என் பதிலைப் பார்த்து எதையும் மாற்ற வேண்டாம், உங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். விழித்திரையில் இரத்தக் கசிவு உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துக் கனம் தூக்கக் கூடாது. பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு மாடியில்கூட நடக்க வேண்டாம், மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் கிடைக்கும். படுக்கும் முன் பாதத்தை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c டெஸ்ட், சதவீதத்தில் வரும்) எனக்கு 8.6இலிருந்து 7.4க்கு வந்தது. மாத்திரையும் மாறியதால் நடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. "நடந்தே குணமாக்கினேன்" என்று யாராவது வீடியோ போட்டால் நான் பார்ப்பதில்லை.

அம்மாவிடம் "வாக்கிங் போ" என்று சொல்லாதீர்கள், இன்னொரு வேலையாகத்தான் காதில் விழும். அவர் சாப்பிட்டதும் அந்தப் பாத்திரங்களை நீங்கள் எடுத்துப் போட்டுவிட்டு, அவரைப் பத்து நிமிஷம் மாடிக்கு அனுப்புங்கள். அதற்கு முன்னால் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மெட்ஃபார்மினோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவே கிளிமிபிரைடு வரும், பெயரைப் பார்த்தால் தெரியாது. பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.